ஜப்பான் ராஜாவின் மீன்

மைக்கின் வாயைப் பொத்தியபடி ஒரு கை வந்து நின்றது. கன்னியப்பன் அப்போது கல்மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்திரேலியாவின் கரையோரத்தில் அது பாறையோடு பாறையாகக் கிடக்கும் என்றும், தெரியாமல் அதன்மேல் காலை வைத்தவன் கரைக்குத் திரும்புவதற்குள் செத்துவிடுவான் என்றும் சொல்லி, 'செத்து' என்பதைத் தன் வழக்கப்படி கொஞ்சம் இழுத்து நிறுத்தியிருந்தான். அந்த இழுப்பில் கூடாரத்திலிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்து அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கை வந்தது. மணிக்கட்டில் மஞ்சள் துணியில் முடிந்த காப்பு. அதில் செருகியிருந்த வேப்பிலை இன்னும் வாடவில்லை. தர்மகர்த்தா தாண்டவராயனின் கை.

"இன்னா பேசிக்கினு கீற நீ?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "காப்பு கட்டி ரெண்டு நாளு ஆவல. அம்மா ஊருக்குள்ள வந்து குந்திக்கினு கீறா. உன் குழாயி நேரா அவ சன்னதியப் பாத்துக்கினு கீது. அதுல நின்னுக்கினு செத்தான் செத்தான்னு சொல்ற."

"மீனப் பத்தித்தான் நைனா சொல்லிக்கினு இருந்தேன்."

"மீனப் பத்திச் சொல்லு. சாவ எதுக்கு ஊருக்குள்ள கூப்புடற? காப்பு அவுக்கற வரைக்கும் அந்த வார்த்த இந்தக் குழாயில வரக் கூடாது. வந்துச்சி, கூடாரத்தப் பிரிச்சி ஏரியில போட்டுருவேன்."

உத்திரமேரூரில் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் பத்து நாளுக்கு ஊருக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. காப்புக்கு உட்பட்டவர்கள் எல்லையைத் தாண்டிப் போய் இரவு தங்க மாட்டார்கள். எந்த வீட்டிலும் கவிச்சி சமைக்க மாட்டார்கள். எழவு, பாடை, சாவு என்கிற வார்த்தைகள் ஒருவர் வாயிலும் வராது. கோபத்தில் குழந்தையைத் திட்டுகிற தாய்கூட, "நாசமா போ" என்று வாயெடுத்துவிட்டு, "நல்லா போ" என்று முடிப்பாள். கன்னியப்பன் இதே ஊரில் பிறந்தவன். அவனுக்கு இதெல்லாம் தெரியாதது அல்ல. மைக்கைப் பிடித்தால் மட்டும் அவனுக்கு ஊர் மறந்துபோகும். டூரிங் டாக்கீசுக்காக ஜட்காவில் உட்கார்ந்து தெருத்தெருவாய் விளம்பரம் சொல்லி வளர்ந்த குரல் அது. இந்த ஊரில் சினிமா பார்க்காதவர்கள் உண்டு. கன்னியப்பன் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. திருவிழாவுக்கு வந்திறங்கிய 'ஏழு கடல் அதிசயக் கண்காட்சி'க்காரர் அதனால்தான் விசாரித்து விசாரித்து அவனைத் தேடி வந்து வேலைக்கு அமர்த்தியிருந்தார்.

அவர் பெயர் ராஜாராம். ராயபுரத்துக்காரர். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை பார்த்தவர். கப்பல் நின்ற துறைமுகங்களிலெல்லாம் பாட்டிலாகவும் பெட்டியாகவும் வாங்கிச் சேர்த்ததைத்தான் இப்போது ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார். பார்மலின் நிரப்பிய ஜாடிகளில் கிடந்த கடல் பிராணிகளெல்லாம் தத்தம் நிறம் போய் ஊறிய மாங்காய் மாதிரி வெளுத்திருந்தன. அதனால் ஒவ்வொரு ஜாடிக்குப் பின்னாலும் அது உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்பதைத் தட்டியில் வரைந்து வைத்திருந்தார். கன்னியப்பனுக்கு முதல் நாளே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். எது எந்தக் கடல், எது எதைத் தின்னும், எது ஆளை எப்படிக் கொல்லும். கேட்டுக்கேட்டு அவனும் மனப்பாடமாக்கிக்கொண்டான். பாதி ஜாடிகளுக்குக் கதையே கொல்லுவதில்தான் இருந்தது.

தர்மகர்த்தா போன பிறகு ராஜாராம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கா மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு கீற? விஷம்னு வர்ற எடத்துல அழகுன்னு சொல்லு. சாவுன்னு வர்ற எடத்துல வெலயச் சொல்லு. ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வாயப் பொளந்துக்கினு கேப்பாங்க."

அப்படித்தான் ஆயிற்று. மறுநாளிலிருந்து கல்மீன், கடலுக்கடியில் கல்லாகிக் கிடந்து தவம் செய்கிற மீன் ஆனது. ஊசியால் குத்தி ஆளைச் சாய்க்கும் கூம்புச் சங்கு, வெள்ளைக்கார மகாராணிகள் கழுத்தில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு ஆள் அனுப்பும் சங்கு ஆனது. கட்டைவிரல் அளவே இருந்துகொண்டு கடித்தால் மூச்சை நிறுத்திவிடும் நீலவளைய ஆக்டோபஸை, புதுப்பெண் போல எட்டுக் கையிலும் நீல வளையல் அடுக்கியவள் என்றான். இருட்டுக் கடலில் நெற்றியில் விளக்கு வைத்துக்கொண்டு நீந்தும் தூண்டில் மீனையும் அவன் விடவில்லை. அதன் ஆண் சுண்டுவிரல் அளவுதான். பெண்ணைக் கடித்துப் பிடித்து, அவள் ரத்தத்தையே குடித்து, கடைசியில் அவள் உடம்பில் ஒரு மருவாக மிஞ்சிப்போகும். அதை, "பொண்டாட்டிய வுட்டுப் பிரியாத புருஷன்" என்று முடித்துப் பெண்களின் கைதட்டலை வாங்கினான். ஒரு வார்த்தையைத் தடுத்தால் சொல்வதற்கு இத்தனை இருக்கிறதா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. கூட்டமும் முன்னைவிடக் கூடியது.

கூடாரத்தின் கடைசியில், வெளியே போகிற வழியில், பலூன் மீன் தொங்கியது. அது ஜாடியில் இல்லை. ஜப்பானில் வாங்கியது. உப்பிய நிலையிலேயே காயவைத்து, வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பைப் பொருத்தியிருந்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் அதன் தோலிலிருந்த சொரசொரப்பான முட்களெல்லாம் தெரியும். திறந்த வாயில் நான்கு பற்கள், முன்னால் தள்ளிக்கொண்டு, எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போல இருக்கும். ராஜாராம் இதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததுதான் நீளமானது. இந்த மீனின் ஈரலிலும் சினையிலும் இருப்பது ஒரு வீட்டையே தூக்கும் விஷம். கொதிக்கவைத்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. ஜப்பானில் இதை அறுப்பதற்கென்றே படித்துப் பாஸான சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதை எடுத்து எறிய வேண்டுமோ அதை எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காகிதம் போல நறுக்கித் தருவார்கள். பணக்காரர்கள் பொன் விலை கொடுத்துத் தின்பார்கள். தின்றவனுக்கு உதடு மரத்ததென்றால் வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான்.

கன்னியப்பன் இதில் எடுக்க வேண்டியதை எடுத்தான். எடுத்ததும் மிஞ்சியது நறுக்கென்று அழகாக அமைந்துவிட்டது.

"ஜப்பான் ராஜா வீட்டுக் கல்யாணத்தில் இந்த மீன் இல்லாமல் விருந்தே இல்லை. ஒரு துண்டு ஒரு பவுன். அதிலும் சினை என்றால் கண்ணால் பார்க்கவே புண்ணியம் செய்திருக்க வேண்டும். வாயில் வைத்த சற்று நேரத்தில் உதடு சிலுசிலுக்கும். தாய்மார்களே, அந்தச் சிலுசிலுப்புதான் அதனுடைய ருசி."

சினையைப் பற்றிய வரி அவனாகச் சேர்த்தது. சினை என்றால் ஏரிக்கரை ஜனங்களுக்கு நாக்கில் நீர் ஊறும் என்பது அவனுக்குத் தெரியும்.

திருவிழாவின் நடுவில் ஒரு சாயங்காலம் அவன் தங்கை தேவகி வந்தாள். கையில் மூன்று மாதக் குழந்தை. பின்னால் மாமியார் செல்லம்மாளும் புருஷன் எல்லப்பனும். அம்மா போன பிறகு தேவகியைத் தோளில் போட்டு வளர்த்தவன் கன்னியப்பன்தான். அவளுக்குச் சோறு இறங்காத நாட்களில், பாத்திரத்தைத் தட்டித் தட்டி, சினிமா விளம்பரம் சொல்லும் குரலில், 'இன்றே இப்படம் கடைசி' என்று ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்லி ஊட்டுவான். அவளைக் கண்டதும் அன்றைக்கு அவன் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

தேவகிக்குக் கடற்குதிரைதான் பிடித்தது. ஆண் குதிரைதான் வயிற்றில் சுமந்து பிள்ளை பெறும் என்று அவன் சொன்னதும், புருஷனை முழங்கையால் இடித்தாள். "கேட்டுக்கினியா? குதிர கூட செய்யுது."

"பெத்துக் குடுத்துடலாம்டி. அப்பால பால் யாரு குடுக்கறது?" என்றான் எல்லப்பன்.

"எங்க கீது பாலு. பத்து நாளா பருப்பும் கீரையுமா தின்னா பசுமாட்டுக்கே வத்திப்பூடும்." இதைச் சொன்னது செல்லம்மாள். மருமகளை எப்போதும் ஒரு குறை சொல்லித்தான் பேசுவாள். ஆனால் அவள் கண் பேரனின் கன்னத்தில் இருந்தது. "காப்ப அவுக்கட்டும். மொத நாளே மீன் எடுத்தாந்து ஆக்கணும். புள்ள ராவெல்லாம் காஞ்ச மாரையே சப்பிக்கினு கத்துது."

எல்லப்பன் பலூன் மீனுக்குக் கீழே வந்து நின்றுகொண்டான். ஜல்லி லாரி ஓட்டுகிறவன். எதைப் பார்த்தாலும் இது எவ்வளவு எடை, எவ்வளவுக்குப் போகும் என்று கணக்குப் போடுகிற மனசு.

"மச்சான், நெசமாவா? ஒரு துண்டு ஒரு பவுனா?"

"ராஜாராம் அண்ணன் கண்ணால பாத்தவரு மாப்ள."

"சிலுசிலுங்குமா?"

கன்னியப்பன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். இவனிடமாவது மிச்சத்தைச் சொல்லிவிடலாம் என்று குனிந்தான். பின்னால் நின்றவர்கள், "நவுருய்யா, சம்பந்தி விருந்து அப்பால வெச்சிக்கோ" என்று நெட்டித் தள்ளினார்கள். செல்லம்மாள் எல்லப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கன்னியப்பன் மறுபடி கல்மீனிலிருந்து ஆரம்பித்தான். கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோது, எல்லப்பன் வாசல் படுதாவைத் தூக்கிப் பிடித்தபடி இன்னமும் அந்த மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காப்பு அவிழ்த்து மஞ்சள் நீர் விளையாடி ஊர் அடங்கிய மறுநாள் காலை, ஊரெங்கும் ஒரு பரபரப்பு இருந்தது. பத்து நாள் வாய் கட்டிய ஊருக்குக் கவிச்சி வேண்டும். கசாப்புக் கடையில் கூட்டம் நெரிந்தது. ஏரி கோடையில் வற்றி நடுவில் மட்டும் ஒரு குட்டையாகக் கிடந்ததால் அங்கே கிடைத்த கெளுத்தியும் குரவையும் விடிவதற்குள் தீர்ந்துவிட்டன. மைதானத்தில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் ஒவ்வொரு ஜாடியாகத் துடைத்து வைக்கோல் திணித்த பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தான். இனிமேல் எந்த வார்த்தையைச் சொன்னாலும் கேட்பாரில்லை, கேட்கவும் ஆளில்லை. மைக்கை முதலிலேயே கழற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு கயிறு அவிழ்க்க இருசப்பன் வந்தான். எல்லப்பனின் லாரியில் லோடு தூக்குகிறவன். முகமெல்லாம் ஜல்லித் தூசி. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"உன் மச்சான் பெரிய ஆளு கன்னியப்பா. இன்னைக்கு அவன் வூட்ல ராஜா விருந்து."

"இன்னா ஆட்டுக்கறியா?"

"ஆடு ஒரு கறியா? ராவுல கெளம்பி, காலங்காத்தால கல்பாக்கத்தாண்ட ஜல்லி கொட்டிட்டு, கைகால் கழுவலாம்னு கடலோரமா போனோம். வல இழுத்துக்கினு இருந்தானுங்க. அதுல வருது பாரு, உன் பலூன் மீனு. மணல்ல தூக்கிப் போட்டானுங்க, புஸ்ஸுன்னு உப்பிக்கினு மொறைக்குது. செம்படவப் பசங்க பந்து கணக்கா ஒதைச்சி வெளாடுதுங்க. உன் மச்சான் வாயத் தொறக்கல. கேட்டா வெல சொல்லிருவானுங்களாம். அப்பிடியே மூணப் பொறுக்கி சாக்குல சுத்தி சீட்டுக்கு அடியில தள்ளி வண்டிய எடுத்துட்டான். 'இவனுங்களுக்கு இதோட அரும தெரியலடா இருசா'ன்றான்."

கன்னியப்பன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். கையில் கல்மீன் ஜாடி இருந்தது. அதன் வெளுத்த கண் கண்ணாடிக்குள்ளிருந்து அவனைப் பார்த்தது. ஜாடியை எங்கே வைத்தான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை.

ராஜாராம் பலூன் மீனின் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாயிலிருந்த பீடி விழவில்லை, அப்படியே அணைந்துபோனது.

"எத்தினி பேரு தின்னாங்க?"

"தெரியலண்ணா."

"தின்னுட்டா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வை. ஓடு. நான் சொல்றத கேட்டுக்கினு ஓடு. மொதல்ல உதடு, அப்பால வெரலு, அப்பால கால் கை. பேச்சு போயிரும். அசைய மாட்டாங்க. மூச்சு நின்னா வாயோட வாய் வெச்சி ஊது. உட்டுடாத. கப்பல்ல ஒருத்தன ஊதி ஊதியே ஒரு நாளு பூரா வெச்சிருந்தோம், பொழச்சான். இன்னொண்ணு." அவர் கன்னியப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "காது கேக்கும். கண்ணு சொருகி கட்டையாட்டம் கெடந்தாலும் உள்ள எல்லாம் கேட்டுக்கினு கீறாங்க. பொழச்சவன் எழுந்து எங்க ஒவ்வொருத்தன் பேசினதையும் சொன்னான். அதனால முடிஞ்சிடுச்சின்னு எவனாவது வாய வுட்டா வுடாத. பேசிக்கினே இரு."

சைக்கிள் ஏரிக்கரை மேல் போனது. எல்லப்பனின் வீடு ஏரிக்கோடியில், அந்தப் பக்கத்துக் கரை இறக்கத்தில். கரை மேலிருந்து பார்த்தால் வெடித்துப் பாளம்பாளமாகக் கிடக்கும் ஏரிக்கு அப்பால் அந்தக் கூரை தெரியும். கூரைக்கு மேல் புகை தெரிந்தது. புகை இருக்கிறதென்றால் இன்னும் சமைத்து முடியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். மிதிக்க மிதிக்க அந்தப் புகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கரைக்குக் கீழே கிணற்றடியில் துணி அடித்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா கன்னியப்பா, மைக்கு இல்லாம எங்க ஓடற? ஜப்பான் மீனு ஆறிடப் போவுதா?" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி அவன் குரலிலேயே, அவன் இழுக்கிற மாதிரியே இழுத்து, "உதடு சிலுசிலுக்கும், தாய்மார்களே" என்றாள். அது காற்றில் கொஞ்ச தூரம் அவன் கூடவே வந்தது. பாதி வழியில் புகை மெலிந்தது. அப்புறம் இல்லை.

வாசலில் செல்லம்மாள் அம்மிக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாம்பலில் புரட்டி உரித்த தோல்கள் கிடந்தன. முட்களோடு. ஒரு காகம் கரையோரத்துத் தூண் மேல் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது, இறங்கி வரவில்லை.

"வா தம்பி. நல்ல நேரத்துல வந்த. கொயம்பு எறக்கி வெச்சிட்டேன். எல்லப்பன் ஏரிக் குட்டையில குளிச்சிக்கினு கீறான், வந்ததும் ரெண்டு பேரும் குந்துங்க."

"யாரு தின்னது அத்த?"

"இன்னும் யாரு தின்னா? மொதல்ல தேவகிக்குத்தான் போட்டேன்." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்த வீட்டில் மருமகள் எல்லோருக்கும் பிறகுதான் சாப்பிடுவாள்; அது செல்லம்மாள் மருமகளாக வந்த நாளிலிருந்து இருக்கிற முறை. இன்றைக்கு அதை அவளே மாற்றியிருந்தாள். "ஒண்ணுல ரெண்டு கை அள்ற மாதிரி சினை. அப்பிடியே வதக்கி சோத்துல போட்டுக் குடுத்தேன். பால் குடுக்கறவ வயிறு ரொம்பட்டும். எம் பேரன் குடிக்கட்டும்."

தேவகி பின்கட்டில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ணா. நீ சொன்னா மாதிரியே கீது ணா." ஈர விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "சிலுசிலுங்குது."

அவள் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம் முதலில் வந்தது; மறு பக்கம் சற்றுப் பொறுத்து வந்தது.

அவளைப் பிடித்து எழுப்பி, உப்பைக் கரைத்து, சொம்பு சொம்பாகக் குடிக்கவைத்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்ததெல்லாம் கன்னியப்பன்தான். ஏன் என்று அவள் கேட்டபோது அவன் சொல்லவில்லை. "வெளிய எடுத்துரு தங்கச்சி, எல்லாத்தையும் எடுத்துரு" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். செல்லம்மாள் ஒன்றும் புரியாமல், ஆசையாகப் போட்ட சோறு மண்ணில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த எல்லப்பனிடம் ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னான். எல்லப்பன் துண்டைக் கீழே போட்டான். மச்சானை அடிக்க வருகிறவன் போல இரண்டடி வந்தான். வந்தவன் கை தூக்கவில்லை.

"நீதானே மச்சான் சொன்ன," என்றான், மெதுவாக, சந்தேகம் கேட்கிற மாதிரி. "மைக்குல நீதானே சொன்ன."

"புள்ளைக்குப் பால் குடுத்தியா?" என்று கன்னியப்பன் தேவகியைக் கேட்டான்.

"இல்ல. தூங்கிக்கினு கீது." தட்டை எடுக்கக் குனிந்தவளுக்கு விரல்கள் மடங்கவில்லை. தட்டு நழுவி விழுந்து உருண்டு சுற்றி அடங்கியது. தன் கையையே யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா ணா இது."

எல்லப்பனின் ஜல்லி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் லாரி மேலேயே ஏறி வந்து பார்த்தார். ஊசி போட்டார். மூச்சுக்கு மெஷின் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, வழியில் எங்கேயும் நிற்காமல் போங்கள் என்றார். எல்லப்பன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வண்டியை விரட்டினான். பின்னால் ஜல்லித் தூசி படிந்த பலகையின் மேல் சாக்கையும் பாயையும் விரித்துத் தேவகியைக் கிடத்தியிருந்தார்கள். அவள் தலை கன்னியப்பன் மடியில் இருந்தது. ஊரைத் தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தாள். கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றாள். பிள்ளையைப் பக்கத்தில் கொண்டுவா என்றாள். அப்புறம் சொன்னது குளறலாக வந்தது. நாக்கு வாய்க்குள் இடறியது. அவளுக்கே அது கேட்டு, சொல்வதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு பார்ப்பது மட்டும்தான் இருந்தது. வேப்ப மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி அவள் முகத்தின் மேல் ஓடின. இமைகள் பாதியில் நின்றன. வெயில் விழுந்தபோதும் அவை சுருங்கவில்லை.

அவன் புறங்கையை அவள் மூக்கினடியில் வைத்துக்கொண்டான். மூச்சு வந்தது. கிணற்றின் அடியில் வாளி தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு, லேசாக.

செல்லம்மாள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி மருமகளின் காலைத் தொட்டுப் பார்த்தாள். அசைத்துப் பார்த்தாள். கால் போட்ட இடத்தில் கிடந்தது. அவள் முகம் மெல்லக் கோணியது. தலைமுடியை அவிழ்த்தாள். "என்ன பெத்த தாயே," என்று ஆரம்பித்தாள். "தங்கத் தேரு போல வந்தியே, என் கையால சோத்தப் போட்டு உன்ன நான்—"

கன்னியப்பன் எட்டி அவள் வாயைப் பொத்தினான். அவளுடைய வார்த்தை அவன் உள்ளங்கையில் சூடாக முட்டியது.

"வேணாம் அத்த. அந்த வார்த்த வேணாம். அவளுக்குக் கேக்குது."

செல்லம்மாளின் கண்கள் அவன் விரல்களுக்கு மேலே அகலமாக விழித்தன. அவள் தலையை ஆட்டியதும் கையை எடுத்தான். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டு, லாரியின் ஓரத்துப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பேசிக்கொண்டே இரு என்று ராஜாராம் சொன்னார். கன்னியப்பன் குனிந்து தங்கையின் காதருகே போனான். ஊருக்கெல்லாம் சொல்ல இருந்த குரலில் அவளுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. லாரி இரைந்தது. புறங்கையில் மூச்சு ஒருமுறை வரத் தாமதித்தது. அந்தத் தாமதத்தில் அவன் வாய் தானாகத் திறந்து, தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தது.

"கடற்குதிரை. இதோ பாருங்கள், கட்டைவிரல் நீளம்தான். தலை குதிரைத் தலை, வால் குரங்கு வால். புயல் அடித்தால் வாலால் ஒரு பாசியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கடல் எப்படிப் புரட்டினாலும் விடாது. விடாது தங்கச்சி. நீயும் அதாட்டம் புடிச்சிக்க. ஆணுதான் வயித்துல சுமக்கும். நீ கூட எல்லப்பன இடிச்சிக்கினு சிரிச்சியே. புள்ளைங்க எல்லாம் அரிசி மாதிரி, வெளிய வந்ததும் வாலோட வாலச் சுத்திக்கினு தண்ணியில மெதக்கும்…"

மூச்சு வந்தது. பெருமூச்சு அல்ல, ஒரு இழை. அவன் தொடர்ந்தான். மைக்கில் பேசும் தமிழும் வீட்டில் பேசும் தமிழும் கலந்து வந்தன. கல்மீன் வந்தால் தாண்டிப் போனான், சங்கு வந்தால் தாண்டிப் போனான். கொல்லாத மீன் எது என்று தேடித் தேடிச் சொன்னான். கண்ணாடி போல உள்ளே எல்லாம் தெரிகிற மீன். ஆளுயரத்துக்குக் கால் வளர்க்கிற நண்டு. வயசாகி வயசாகி மறுபடி குழந்தையாகிவிடும் என்று ராஜாராம் சொன்ன சொறிமீன். அவை குறைவாகத்தான் இருந்தன. தீர்ந்ததும் மறுபடி கடற்குதிரைக்கு வந்தான்.

குழந்தை விழித்துக்கொண்டது. பசி. முதலில் சிணுங்கியது. அப்புறம் முஷ்டியை மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க, லாரியின் இரைச்சலுக்கு மேலே கத்தியது. செல்லம்மாள் தோளில் போட்டுத் தட்டினாள், சுண்டு விரலை வாயில் வைத்தாள். அது துப்பிவிட்டுக் கத்தியது.

தேவகியின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பாதி மூடிய இமைகளுக்குக் கீழே கண்கள் நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கைகள் இரண்டு பக்கமும் வைத்த இடத்தில் இருந்தன. கன்னியப்பன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். சொல்லிக்கொண்டே பார்த்தபோது, அவளுடைய பச்சை ரவிக்கையில் ஒரு பக்கம் காசு அளவுக்கு ஈரம் கண்டது. குழந்தை மூச்சுப் பிடித்து மறுபடி கத்தியது. ஈரம் விரிந்தது. மறு பக்கமும் கண்டது. துணி கறுத்து நனைந்தது; பால் வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஜல்லித் தூசி படிந்த விலாவின் வழியாக மெல்லப் பாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது.